பொம்மை லாரி எப்போது நிஜ லாரி ஆகும்?

பொம்மை லாரி ஒன்றைத் தரையில் நிறுத்தி, நின்ற இடத்திலிருந்தே செல்போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பொம்மை பொம்மையாகத்தான் விழும். அதே லாரியை வேறு யாரோ எடுத்த படத்தைப் பார்த்தால், மதுரைப் பக்கம் திருமங்கலம் தாண்டி நாற்கரச் சாலையில் நம் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற லாரி போல இருக்கும். உடனே "அவங்க கேமரா விலை அப்படி" என்று சொல்லிவிடுவோம். கேமராவுக்கு இதில் பங்கு ரொம்பக் குறைவு. பெரும்பாலும் எல்லாமே அளவுக் கணக்கு, அதுவும் நாலாம் வகுப்புப் பெருக்கல் கணக்குதான்.

கடையில் கிடைக்கும் உள்ளங்கை நீளக் கார்கள் பெரும்பாலும் 1:64 என்ற அளவை ஒட்டியவை. நிஜ வண்டியில் 64 செ.மீ. இருப்பது பொம்மையில் 1 செ.மீ. ஆகிவிடும். பழைய அம்பாசிடர் கார் சுமார் 4.3 மீட்டர் நீளம், பொம்மையில் அது 7 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வரும். இந்த 64 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

இப்போது நின்றபடி எடுத்த அந்தப் படத்துக்கு வருவோம். போனை இடுப்பு உயரத்தில், தரையிலிருந்து 90 செ.மீ. மேலே பிடித்திருந்தீர்கள் என்று வைத்துக்கொண்டால், பொம்மையின் உலகத்தில் அது கிட்டத்தட்ட 58 மீட்டர். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரமே 170 அடிதான், அதாவது சுமார் 52 மீட்டர். ஆக, கோபுர உச்சிக்கும் மேலே போய் நின்று தெருவில் நிற்கும் லாரியை எடுத்திருக்கிறீர்கள். அங்கிருந்து பார்த்தால் நிஜ லாரியே பொம்மை மாதிரிதானே தெரியும்?

ஒரு ஆள் நின்று பார்க்கும் கண் உயரம் சுமார் 1.6 மீட்டர். அதை 64-ஆல் வகுத்தால் 2.5 செ.மீ., ஒரு அங்குலம். உங்கள் லென்ஸ் இருக்கவேண்டிய உயரம் அதுதான். போனில் கேமரா மேல் மூலையில் இருப்பதால் நிமிர்த்தி வைத்தால் அது தரையிலிருந்து வெகு உயரத்துக்குப் போய்விடும், அதனால் போனைத் தலைகீழாகத் திருப்பி, கேமரா இருக்கும் முனை தரையில் உட்காரும்படி வையுங்கள். படத்தை அப்புறம் நேராகத் திருப்பிக்கொள்ளலாம், பல போன்கள் தாமாகவே திருப்பிவிடும். இந்த ஒரு வேலையை மட்டும் செய்தாலே பாதிக்கு மேல் மாறிவிடுகிறது. மற்றதெல்லாம் இதற்கு மேல் பூச்சு என்றுகூடச் சொல்லுவேன்.

தூரத்துக்கும் இதே கணக்குதான். ஒன்றரை அடி தள்ளி எடுத்தால் அது சுமார் 29 மீட்டருக்கு அப்பால் நின்று ஜூம் செய்து எடுத்த படம் போல வரும். 10 செ.மீ. பக்கத்தில் போனால் ஆறேழு மீட்டரில் நின்று எடுத்தது போல, சாலையோரத்தில் நிற்கிறவர் பார்வையாக இருக்கும். ஆனால் ரொம்பப் பக்கத்தில் போனால் போனுக்கு ஃபோகஸ் கிடைக்காது, அந்தச் சிக்கலுக்குப் பிறகு வருகிறேன்.

இங்கே ஒரு தகவல். கடையில் வாங்குகிற எல்லாமே 1:64 அளவில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 1952-இல் இங்கிலாந்தில் லெஸ்னி கம்பெனியின் பங்குதாரரான ஜாக் ஓடெல், தன் மகளின் பள்ளிக்கூடத்தில் தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று விதி இருந்ததால், பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து கொடுத்தாராம். அடுத்த ஆண்டே அந்தக் கம்பெனி மேட்ச்பாக்ஸ் வண்டிகளை விற்கத் தொடங்கியது. அமெரிக்காவின் மேட்டல் கம்பெனி ஹாட் வீல்ஸைக் கொண்டுவந்தது 1968-இல். இந்த வகைப் பொம்மைகளில் பெட்டியின் அளவுதான் முதலில் முடிவாகிறது, வண்டி அதற்குள் அடங்க வேண்டும். அதனால் பஸ்ஸும் ஏழு செ.மீ., காரும் ஏழு செ.மீ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். காரை முன்னால் வையுங்கள், பஸ்ஸை... இல்லை, பஸ்ஸைத்தான் முன்னால் வைக்க வேண்டும், காரைக் கொஞ்சம் தள்ளிப் பின்னால் நிறுத்தினால் கண்ணுக்குச் சிறியதாகி அளவு சரியாகிவிடும். சித்திரைப் பொருட்காட்சியிலும் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கிடைக்கிற பின்னால் இழுத்து விடும் பிளாஸ்டிக் ஆட்டோக்கள் இன்னும் பெரியவை. அவற்றுக்கு 64 பொருந்தாது. வண்டியின் நீளத்தை ஸ்கேலால் அளந்து, நிஜ ஆட்டோ சுமார் 2.6 மீட்டர் என்று வைத்து நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். 13 செ.மீ. ஆட்டோவென்றால் 1:20, அப்போது கண் உயரம் 8 செ.மீ. ஆகிவிடும்.

சரி, இனி எதைக் கொண்டு காட்சியை அமைப்பது? அடுப்படிதான் முதல் கடை. ஆற்றுமணலைத்தான் எல்லோரும் முதலில் அள்ளிக்கொண்டு வருவார்கள், ஆனால் ஒரு மில்லிமீட்டர் மணல் பொம்மை உலகில் ஆறரை செ.மீ. கல். லாரி ஏதோ குவாரிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும் (குவாரிக் காட்சிதான் வேண்டுமென்றால் அருமை, மேலூர்ப் பக்கம் போகவே வேண்டாம்). புழுதி வேண்டுமானால் மண்ணைக் காயவைத்து வேட்டித் துணியில் சலியுங்கள். செம்மண் ஒரு டப்பா, திருமங்கலம் பக்கத்துக் கரிசல் ஒரு டப்பா என்று பிரித்து வைத்துக்கொண்டால் வண்டி எந்த ஊரில் ஓடுகிறது என்பதை மண்ணே சொல்லிவிடும். ரவை அரை மில்லிமீட்டர் இருக்கும், அது மூன்று செ.மீ. ஜல்லி. கொஞ்சம் கரித்தூள் கலந்தால் நிறமும் சரியாகிவிடும். கடுகு உருண்டைக் கல் ஆகும். காய்ந்த டீத்தூள் மரத்தடிச் சருகு. துளசியின் காய்ந்த கதிரைக் குத்திவைத்தால் இலையுதிர்ந்த மரம், தென்னங்குச்சி கரண்டுக் கம்பம், கறுப்புத் தையல் நூல் ஒயர். முருங்கை இலையை மட்டும் எடுக்காதீர்கள், ஒரு செ.மீ. இலை அங்கே இரண்டடி ஆகிவிடும்.

தார்ச்சாலைக்கு ஹார்டுவேர் கடையில் விற்கும் கறுப்பு உப்புத்தாளைவிடச் சிறந்ததை நான் இன்னும் பார்க்கவில்லை. நைஸ் ரகம் கேளுங்கள், சொரசொரப்பு ரகம் ஜல்லி பெயர்ந்த சாலை மாதிரி இருக்கும், அதற்கும் நம் ஊரில் தேவை உண்டு. இருவழிச் சாலை 7 மீட்டர் அகலம், அதாவது 11 செ.மீ. நடுக்கோட்டை ஒயிட்னரால் போடலாம். புத்தம்புதிதாக விட்டுவிடாமல் மேலே கொஞ்சம் முகப்பவுடரைத் தூவி விரலால் தேய்த்து, டயர் போகும் இரண்டு தடத்தில் மட்டும் துடைத்துவிடுங்கள். வண்டிக்கும் அப்படித்தான். பளபளவென்ற பெயின்ட் பொம்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். நனைத்த மண்ணைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுச் சக்கரத்துக்கு மேலே தெறித்தால், ஒரு மழைக்காலத்தைப் பார்த்த வண்டி ஆகிவிடும்.

தண்ணீர் மட்டும் யார் சொன்னாலும் சுருங்காது. ஒரு துளியின் பருமனை அதன் பரப்பு இழுவிசைதான் முடிவு செய்கிறது, பக்கத்தில் நிற்பது பொம்மையா பஸ்ஸா என்று அதற்குத் தெரியாது. காரின் பானெட்டில் நிற்கும் 3 மி.மீ. துளி, அங்கே 19 செ.மீ. அகலக் கண்ணாடிக் கிண்ணம் போலத் தெரியும். அதனால் மழைக்காட்சி என்றால் துளியைக் காட்டாதீர்கள், ஈரத்தைக் காட்டுங்கள். உப்புத்தாளை நன்றாக நனைத்து, எதிரே ஒரு விளக்கை வைத்து, அதன் ஒளி சாலையில் நீளமாகப் பளபளக்கும்படி எடுத்தால் போதும். புகைக்கும் பனிமூட்டத்துக்கும் சாம்பிராணி. ஊதுபத்திப் புகை ஒற்றைக் கோடாக எழும், சைலன்சருக்கு அது பொருந்தும்.

வெளிச்சத்தில்தான் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருகின்றன. அதனால் வெயிலில் பொம்மை லாரியின் நிழல் விழும் விதமும் நிஜ லாரியின் நிழல் விழும் விதமும் ஒன்றே, நிழலின் ஓரம் மங்குவதுகூட அதே விகிதத்தில் சுருங்குகிறது. காசில்லாமல் கிடைக்கிற, அளவே மாறாத ஒரே பொருள் வெயில்தான். மேஜை விளக்கை ஓரடிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு வண்டிகளின் நிழலும் விசிறி போல ஆளுக்கொரு பக்கம் போகும், பார்க்கிறவருக்கு ஏன் என்று தெரியாவிட்டாலும் "இது பொம்மை" என்று உறைத்துவிடும். மதுரையில் பன்னிரண்டு மணி வெயில் நிழலை வண்டிக்கு அடியிலேயே ஒளித்துவைத்துவிடுவதால், காலையில் எட்டு மணிக்குள்ளும் மாலையில் நாலரைக்கு மேலும் எடுங்கள். இரவுக்காட்சிக்கு விளக்கு வேண்டும், அங்கே கணக்கு உதவும்: தெருவிளக்குக் கம்பம் எட்டு மீட்டரென்றால் பொம்மைக்கு 12.5 செ.மீ. இன்னொரு போனின் டார்ச்சை அந்த உயரத்தில் பிடித்து, ஆரஞ்சு நிற மிட்டாய்த் தாளைச் சுற்றிவிட்டால் பழைய சோடியம் விளக்கு வந்துவிடும்.

பின்னணி இல்லாமல் எத்தனை ரவை கொட்டினாலும் படம் மொட்டைமாடியில்தான் நிற்கும். அட்டையில் வானம் வரையலாம், டிவியில் ஒரு தெருப்படத்தை ஓடவிட்டு முன்னால் வண்டியை நிறுத்தலாம். ஆனால் நம்மைச் சுற்றி நிஜ ஊரே இருக்கும்போது அது எதற்கு? அமெரிக்காவில் மைக்கேல் பால் ஸ்மித் என்பவர் எல்ஜின் பார்க் என்று ஒரு கற்பனை ஊரையே இப்படித்தான் படங்களில் கட்டினார். 1:24 அளவு மாடல் கார்களைத் தெருவோரத்தில் ஒரு மேஜைமேல் அடுக்கி, பின்னால் நிஜ மரமும் நிஜ வீடும் தெரியச் சாதாரண கேமராவில் எடுத்தார். பார்த்தவர்கள் பழைய காலத்துப் புகைப்படம் என்றே நினைத்தார்கள்.

அதை நாம் செய்யும் வழி இது. ஒத்தக்கடைப் பக்கம் போய் யானைமலை தெரியும் ஒரு திறந்த இடமாகப் பாருங்கள். ஒரு பலகையை உங்கள் கண் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்படி தூக்கி வையுங்கள், ஸ்டூல்மேல் ஸ்டூல், வண்டியின் கூரை, மதில், எதுவானாலும் சரி. போன் உங்கள் கண் உயரத்தில், பலகைக்கு 2.5 செ.மீ. மேலே. இப்போது லென்ஸிலிருந்து 30 செ.மீ.யில் பலகை முடிந்தால், பொம்மைச் சாலை 19 மீட்டருக்கு ஓடி முடிகிறது. ஆச்சரியம் என்னவென்றால் அந்தப் பலகை விளிம்பு, நிஜத் தரையையும் சரியாக 19 மீட்டர் வரைதான் மறைக்கும். இரண்டிலும் உயரத்துக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம் ஒன்றே என்பதால் பொம்மைச் சாலை முடியும் இடத்தில் நிஜ நிலம் தொடங்கிவிடும், ஒட்டுப்போட்ட இடமே தெரியாது. விளிம்பில் மட்டும் கொஞ்சம் மண்ணைக் கொட்டி மறையுங்கள். மலை மட்டும்தான் பின்னால் தெரிகிறது என்றால் இவ்வளவு துல்லியமே தேவையில்லை, தொலைவில் இருக்கிற மலைக்கு அளவு சொல்லும் அடையாளம் எதுவும் இல்லாததால் பலகை இடுப்பளவில் இருந்தாலும் ஏமாந்துவிடுவோம். கடை, ஆள், சைக்கிள் எல்லாம் தெரியும் தெருவென்றால்தான் கணக்கு கறாராக இருக்க வேண்டும். கோபுரம் பின்னணியில் வேண்டுமென்றால் வெளியே தெருவில் நின்றுதான், கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது.

ஃபோகஸுக்கு வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா. மிகப் பக்கத்தில் எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் ரொம்பக் குறைந்துவிடும், லாரியின் முகப்பு தெளிவாக இருக்கும், பின்சக்கரமே மங்கிவிடும். நம் மூளை அந்த மங்கலைப் பார்த்துத்தான் "சின்னப் பொருள்" என்று முடிவு கட்டுகிறது. உயரத்திலிருந்து எடுத்த ஊர்ப்படத்தின் மேலும் கீழும் மங்கலாக்கிவிட்டால் நிஜ ஊரே பொம்மை ஊராகத் தெரிவது இதே காரணத்தால்தான். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். அதனால் போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள், அது பின்னணியை வேண்டுமென்றே மங்கலாக்கும், போதாததற்கு சைடு மிர்ரரையும் வெட்டிவிடும். விலை குறைந்த போன்களில் மிகப் பக்கத்தில் எடுப்பதற்கென்று இருக்கும் மேக்ரோ கேமராவையும் நம்பவேண்டாம், பல போன்களில் அது இரண்டு மெகாபிக்ஸல்தான். முதன்மைக் கேமராவில் 25, 30 செ.மீ. தள்ளி வைத்து எடுத்து, பிறகு வெட்டிப் பெரிதாக்குவது மேல். முன்னால் சொன்ன தூரக் கணக்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம், பரவாயில்லை, உயரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சின்ன சென்சார் (படம் பதியும் சில்லு) கொண்ட பழைய போன் இந்த வேலைக்குப் புதியதைவிட நன்றாகவே உழைக்கும், அதில் ஆழம் இயல்பாகவே அதிகம். திரையில் வண்டிமேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, இரண்டு விநாடி டைமரில் விட்டுவிடுங்கள், பட்டனைத் தொடும்போது வரும் ஆட்டம் இருக்காது.

ஓடுகிற மாதிரி காட்டுவதற்கு வண்டியை ஓட்டத் தேவையில்லை. நீளமான பலகையின் ஒரு முனையில் போன், நடுவில் கார், இரண்டையும் டேப்பால் ஒட்டிவிட்டு, மங்கிய வெளிச்சத்தில் ஷட்டரை, அதாவது ஒளி உள்ளே வரும் நேரத்தை, அரை விநாடிக்கு வைத்து, பலகையோடு சேர்த்துத் தள்ளுங்கள். கார் தெளிவாக நிற்கும், பின்னால் உள்ளதெல்லாம் கோடாக ஓடும். புழுதிக்கு, சக்கரத்துக்குப் பின்னால் சலித்த மண்ணை வைத்து ஸ்ட்ராவால் ஊதியபடியே தொடர்ச்சியாகப் படங்களை எடுத்துத் தள்ளினால் அதில் ஒன்று அமையும்.

வீடியோ எடுக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பொருள் 5 மீட்டர் விழ ஒரு விநாடி ஆகும். அதை 64-ஆல் வகுத்த 7.8 செ.மீ. விழ, எட்டில் ஒரு பங்கு விநாடிதான் ஆகிறது, ஏனென்றால் விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, 64-க்கு வர்க்கமூலம் 8. ஆக, லாரி பள்ளத்தில் குதிப்பது கனமாகத் தெரிய எட்டு மடங்கு மெதுவாக ஓட்ட வேண்டும். விநாடிக்கு 240 ஃபிரேமில் எடுத்து 30-இல் ஓட்டினால் சரியாக எட்டு மடங்கு. பல போன்களில் ஸ்லோமோஷன் அதுதான்.

இவ்வளவும் ஏமாற்றுவதற்கான வழி. இன்னொரு வழியும் இருக்கிறது, அங்கே பொம்மை பொம்மையாகவே இருக்கும், வேடிக்கையே அளவு பொருந்தாததில்தான். ஒரே ஒரு மல்லிகை மொட்டைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகும் லாரி. மஞ்சள்தூள் குவியலைத் தோண்டும் ஜேசிபி. ஜிகர்தண்டா டம்ளர் ஓரத்தில் வரிசை கட்டி நிற்கும் டேங்கர்கள். விளாச்சேரி களிமண் காளை ஒன்று நடுரோட்டில் நிற்க, எதிரே 1:64 அளவுக் குட்டி ஆட்டோக்கள் பத்து தயங்கி நிற்கும் காட்சி. காளை 6 செ.மீ. உயரமென்றால் அந்த ஆட்டோக்காரர்களுக்கு அது பன்னிரண்டு அடிக்கு மேல், தயங்காமல் என்ன செய்வார்கள். நுங்கு வண்டியை ஓரங்கட்டிச் சோதனை போடும் போலீஸ் ஜீப்புகூட வைக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டு வழியையும் கலந்துவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். பாதிக் காட்சியை நிஜம்போல அமைத்துவிட்டு, ஓரத்தில் தீப்பெட்டியும் செருப்பும் தெரிய விட்டுவிடுவார்கள், அது ஏமாற்றவும் செய்யாது, சிரிக்கவும் வைக்காது. ஏமாற்றுவதென்றால் நிஜ அளவைச் சொல்லிவிடும் பொருள் ஒன்றுகூடப் படத்துக்குள் இருக்கக் கூடாது. சிரிப்பதென்றால் அப்படிப்பட்ட பொருள் ஒன்றே ஒன்று இருக்கட்டும், மற்ற எல்லாமே அதைத் துளியும் கண்டுகொள்ளாமல் முறையாக நடந்துகொள்ளட்டும். மல்லிகை மொட்டு லாரியில் சிவப்புக் கொடி கட்டியிருக்க வேண்டும், பின்னால் ஒருவர் பைக்கில் பொறுமையாக வரவேண்டும், சாலையில் நடுக்கோடு இருக்க வேண்டும். லாரிக்காரர் அதைப் பெரிய சரக்காகவே நினைக்கிறார் என்று தெரிந்தால்தான் சிரிப்பு வரும். கேமரா உயரம் இங்கேயும் அதே ஒரு அங்குலம்தான்.

எறும்பு வந்தால் விரட்டாதீர்கள். அரை செ.மீ. எறும்பு பொம்மைச் சாலையில் ஒரு அடி நீளம், தெருநாய்க்கு அது போதும், கொஞ்சம் வெல்லம் வைத்தால் சொன்ன இடத்தில் வந்தும் நிற்கும். ஆடி மாதத்தில் வெளியே எடுப்பதாக இருந்தால் வண்டிக்கு அடியில் டபுள் டேப் அவசியம், அம்மியே பறக்கும் காற்றில் நாற்பது கிராம் லாரி எம்மாத்திரம். அப்புறம், தெருவில் தரையோடு தரையாகப் படுத்துப் படம் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். ஒருவருக்குப் புழுதி ஊதும் வேலை, ஒருவருக்கு டார்ச், இன்னொருவருக்கு மாடு வருகிறதா என்று பார்க்கும் வேலை என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள், ஸ்ட்ராவை மட்டும் ஆளுக்கொன்றாகக் கொண்டுபோங்கள்.